முன்னால் ஒரு கியர், பின்னால் மூன்று கியர்

பரமசிவன் துணை

போடிநாயக்கனூர்,
துன்முகி வருடம், கார்த்திகை மாதம்.

மரியாதைக்குரிய சம்பந்தி, ராசிங்காபுரம் மொக்கச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, போடி ஏலக்காய் வியாபாரம் பால்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், சம்சாரம் மூக்கம்மாள், மகள் பொன்னுமணி, ஜீப்பு ஆகிய நால்வரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், மாப்பிள்ளை சுகமும், தங்கள் தங்கை சுருளியம்மாள் அவர்களின் இடுப்புச் சுகமும், தங்கள் வைக்கோல் படப்பின் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

இப்பவும், தாங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. தை மாத முகூர்த்தத்துக்குப் பெண்ணைப் பிளஷர் காரில்தான் அழைத்துவர வேண்டும், அந்த ஜீப்பு ராசிங்காபுரம் எல்லைக்குள் தலையும் காட்டக் கூடாது, வாலும் காட்டக் கூடாது, மீறினால் கல்யாணம் நின்றுபோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிளஷர் கார் வராது. ஜீப்புதான் வரும். என் மகள் அதில்தான் வந்து இறங்குவாள். இதை நான் சொல்லச் சொல்லப் பொன்னுமணிதான் எழுதுகிறாள், ஏனென்றால் என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். "அப்படியே எழுதவாப்பா, கொஞ்சம் தணிச்சு எழுதவா?" என்று கேட்டாள். "ஒரு எழுத்துக் கொறையக் கூடாது ஆத்தா" என்று சொல்லியிருக்கிறேன். ஆகையால் எழுத்து அழகாக இருப்பதைப் பார்த்து நான் சாந்தமாக இருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

என் வண்டியை இரண்டுங்கெட்டான் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் வரலாறு தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கழித்துவிட்ட வில்லீஸ் ஜீப்பு அது. பர்மா வரைக்கும் போய்க் குண்டடி பட்டுத் திரும்பிய கிழம் என்றாலும் என் கைக்கு வந்த பிறகு ஒரு நாளும் சும்மா நின்றதில்லை. அதற்கு முன்னால் குரங்கணிக்கு மேலே இருக்கும் நம் தோட்டத்து ஏலக்காய் கழுதை முதுகில்தான் இறங்கியது. கழுதைக்குப் புல்லைக் கண்ட இடமெல்லாம் சத்திரம், மழை வந்தால் படுத்துக்கொள்ளும், மூட்டை நனையும், நனைந்த காய் கறுத்துப்போகும், கறுத்த காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வியாபாரிகள் என்னைப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வையை என் விரோதிக்கும் நான் விரும்ப மாட்டேன். ஜீப்பு வந்த பிறகுதான் போடிக் கடைவீதியில் பால்சாமிக்கு நாற்காலி போட்டார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குப் போன வருஷம் மலை ஏறும்போது பின் அச்சு முறிந்தது. அந்தக் காலத்து வண்டிக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? மதுரையில் கேட்டால் சென்னைக்குப் போ என்றார்கள். சென்னையில் கேட்டால் அமெரிக்காவுக்கு எழுது என்றார்கள். அமெரிக்காவில் எனக்கு யாரையும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் மேலே ஓர் எஸ்டேட் துரை தன் லாண்ட் ரோவர் வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்காமல், மேகம் பார்க்க இறங்கினார். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டி பள்ளத்தைப் பார்த்துப் போய்விட்டது. நல்ல வேளையாக உள்ளே ஆள் இல்லை. துரை பள்ளத்தை எட்டிப் பார்த்து, எனக்கு வேண்டாம், வேண்டியதைக் கழற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். நானும் நம் மெக்கானிக் ஜெபமணியும் ஆள் வைத்து வடம் கட்டி இழுத்துக் கரையேற்றினோம். ஜெபமணி பட்டாளத்தில் வண்டி வேலை பார்த்தவர், குரங்கணி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறாரே, அவர்தான். இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் உயரமும் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அடடா, பரமசிவனாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று நான் தேங்காய் உடைத்துவிட்டேன். உடைத்த பிறகுதான் ஜெபமணி ஸ்பானரை எடுத்தார். அமெரிக்காக்காரன் நட்டு இங்கிலீஷ்காரன் போல்ட்டில் ஏற மறுத்தது. "அண்ணே, ரெண்டு பேரும் ஒரே பாஷைதான் பேசுறாங்க, ஆனா மரை ஒத்துப்போகல" என்றார். நான் விடவில்லை. "பத்துக்கு ஏழு பொருத்தம் இருந்தா நம்ம பிள்ளைகளுக்கே கல்யாணம் பேசுறோம், போல்ட்டுக்கு மட்டும் பத்தும் வேணுமா?" என்று கேட்டேன். அவர் வேதக்காரர், ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லை. "எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதுண்ணே, ஆனா மரைக்கு ஏழு பத்தாது" என்றார். சொன்னாரே தவிர விடவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பழைய புகைக்குழாய்த் தகரம் கிடந்தது. அதை வெட்டி வாஷர் செய்தார், சுருட்டிச் சொருகினார், மீந்ததை ஜீப்புக்கே புகைக்குழாயாக வைத்துவிட்டார். அன்று முதல் என் வண்டி போன தெருவில் ஏலக்காய் வாசம் வருகிறது. தங்கள் பிளஷர் கார் போன தெருவில் என்ன வாசம் வரும் என்று நான் எழுத விரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றைத் தொட்டால் ஒன்று வந்தது. அந்த வண்டியின் ரேடியேட்டர் இந்த வண்டிக்கு அகலம், அதனால் முன்பக்கத்துக் கம்பிகளை அறுத்தோம். அந்த வண்டியின் பாட்டரிக்கு இந்த வண்டியின் பாட்டரியைப் போல இரண்டு மடங்கு சக்தி, அதனால் ஹாரனைத் தொட்டால் கசாப்புக் கடையில் பன்றி கத்துவதுபோல் கத்தியது. இதையெல்லாம் சமாளித்துவிட்டுக் கடைசியாக முக்கியமான வேலைக்கு வந்தோம், பின் அச்சு. லாண்ட் ரோவர் அச்சில் ஸ்பிரிங் பட்டை உட்கார வேண்டிய இடம் நம் பட்டைக்கு நேராக வரவில்லை. ஜெபமணி அச்சை இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு அச்சைத் தலைகீழாகப் புரட்டி வைத்தார். பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. அச்சு தலைகீழானால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் தாங்கள் இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

நல்ல நாள் பார்த்து வண்டிக்குப் பூசை போட்டோம். மாலை, சந்தனம், முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம். நான் ஏறி உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, முதல் கியரைப் போட்டு, காலை எடுத்தேன். வண்டி பின்னால் போனது. கொட்டகையின் பின்தகரத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டு மிளகாய்க் களத்தில் போய் நின்றது. இரண்டாவது கியரைப் போட்டால் இன்னும் வேகமாகப் பின்னால். மூன்றாவது, கேட்கவே வேண்டாம். பயந்துபோய் ரிவர்ஸ் கியரைப் போட்டேன், அப்போதுதான் நத்தைபோல் முன்னால் வந்தது. ஆக முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக மூன்று கியர். இரண்டு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி நசுங்காமல் இருந்தன. கூட்டம் சிரித்தது. மூக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பழங்களைப் பொறுக்கினாள். "இதப் பின்னால வைங்க. எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கந்தான் அதுக்கு முன்பக்கம்" என்று சொல்லிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் மறுபடி முதல் கியரைப் போட்டேன், இரண்டு பழமும் நசுங்கின, சகுனம் சரியாகிவிட்டது.

சம்பந்தி, மனமிருந்தால் இதில் உள்ள நன்மையைப் பாருங்கள். மலையில் ஏறும்போது அந்த ரிவர்ஸ் கியரைப் போட்டு முன்பக்கமாகவே ஏறுகிறேன். மெதுவாகப் போகும், ஆனால் முழு லோடையும் மூச்சு வாங்காமல் இழுக்கிறது. தரையில் வெரசாகப் போக வேண்டுமானால் பின்பக்கமாகப் போகிறேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டேன். போடிக் கடைவீதியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, "ரிவர்ஸ்ல ஊர்கோலம் போறீராக்கும்?" என்று கேட்டார். "நான் ரிவர்ஸ்ல போகலைங்க, மூணாவது கியர்ல போறேன், வந்து பாருங்க" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். கியர்க் கம்பு மூன்றாவதில்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, போ என்று சொல்லிவிட்டார். சட்டமே விட்டுவிட்டது, தாங்கள் விட மாட்டேன் என்கிறீர்கள்.

தாங்கள் பரிசம் போட்டுப் போன பிறகு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று நடந்ததைத்தான் தங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். அதில் சில திருத்தங்கள். சிலமலைக்குப் பக்கத்தில் மாடுகள் மிரண்டு பருத்திக் காட்டில் இறங்கியது உண்மை, ஆனால் ஹாரனை அடித்தது நான் இல்லை, குழியில் விழுந்ததும் அதுவாகவே கத்தியது. தங்கள் வாசலுக்கு வண்டி பின்பக்கமாக வந்ததும் உண்மை. ஆனால் ஆரத்தித் தட்டோடு நின்ற சுருளியம்மாள் அவர்கள் வண்டியின் முகம் தெரிகிற பக்கம் ஓடிவருவார்கள் என்று நான் எப்படிக் கண்டேன்? வண்டி வருகிற பக்கம் நின்றிருந்த பெண்கள் அதன் முகத்தைத் தேடி அந்தப் பக்கம் ஓடினார்கள், அங்கே போனதும் வண்டி அவர்களை விட்டு விலகிப் போவதைப் பார்த்துத் திரும்ப இந்தப் பக்கம் ஓடினார்கள், அதற்குள் நான் பிரேக்கை மிதித்தேன், பிரேக்கு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடித்தது. அந்த யோசனை நேரத்தில் வைக்கோல் படப்பு சாய்ந்தது, படப்போடு சுருளியம்மாள் அவர்களும் சாய்ந்தார்கள். வைக்கோலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, "மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியாத வண்டிக்கு எவ ஆலத்தி எடுப்பா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் தட்டை அவர்கள் கீழே போடவில்லை, அதற்காக நான் அவர்களை எல்லா இடத்திலும் மெச்சிப் பேசிவருகிறேன்.

மாப்பிள்ளையின் பட்டுக்கரை வேட்டி எண்ணெயானதற்கும் என்மேல் பழி போட்டிருக்கிறீர்கள். படப்பிலிருந்து வண்டியை இழுக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராக வந்தார், அவராக வேட்டியை மடித்துக் கட்டினார், அவராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, அச்சை ஏன் இப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று அங்கிருந்தபடியே கேட்டார். பந்தியில் இலை போட்டுச் சோறு ஆறிப்போகும்வரை வெளியே வரவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையை அன்றைக்குத்தான் மிகவும் பிடித்தது.

சரி, கையின் கதை. தங்கள் கடிதம் வந்த அன்று கோபத்தில் சாப்பிடாமல் ஜெபமணி கொட்டகைக்குப் போனேன். கல்யாணத்துக்குள் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, பிரேக்கை யோசிக்க விடாமல் சரிசெய்துவிட வேண்டும் என்று நானே ஜாக்கியைப் போட்டேன். கை வண்டியில் இருந்தது, மனம் ராசிங்காபுரத்தில் தங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது, ஜாக்கி சறுக்கியது. எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தை வரைக்கும் எந்தச் சோலியும் பார்க்காதே என்று சொல்லிவிட்டார். இப்போது காய் எடுக்கிற காலம், ஆனால் நான் வீட்டில் கிடக்கிறேன். வண்டியை ஜெபமணி பார்த்துக்கொள்கிறார், பொன்னுமணி கூடப் போய் மூட்டைக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறாள். ஒரு லோடும் நிற்கவில்லை. மலையில் ஏறி இறங்குகிற அந்த இரண்டுங்கெட்டான் வண்டிதான் இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது என்பதை மறுபடியும் தங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

அச்சைத் திருப்பி ஒழுங்காக மாட்டிவிடலாமே, எதற்கு இந்த வீம்பு என்று தாங்கள் கேட்கலாம். மாட்டலாம். பட்டைக்கு வேறு கட்டை வைத்துச் சரிசெய்யலாம் என்று ஜெபமணி ஐப்பசியிலேயே சொன்னார். எனக்கும் கழுத்து வலி உண்டு, நானும் திருப்பத்தான் இருந்தேன். தங்கள் கடிதம் வந்த பிறகு திருப்ப மாட்டேன். சம்பந்தி, வண்டி பயமாக இருக்கிறது, பிள்ளை பத்திரமாக வர வேண்டும், கொஞ்சம் பாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் தங்கள் காலில் விழுந்து அச்சைத் திருப்பியிருப்பேன். தாங்கள் எழுதியது அப்படி இல்லை. கூடாது, கூடாது, மீறினால் நின்றுபோகும். பெண்ணைப் பெற்றவன் என்றால் குனிந்த தலை நிமிரக் கூடாதா? இன்றைக்கு வண்டியை மாற்று என்பீர்கள், நான் மாற்றினால் நாளைக்கு என் மகளிடம் நடையை மாற்று, பேச்சை மாற்று என்பீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஊர் கூட்டிப் பரிசம் போட்ட கல்யாணம் நின்றால் ஊர் என்னைக் கேட்காது, இவளைத்தான் கேட்கும். இதைச் சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்கிறேன், தலை குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் நான் மாற மாட்டேன்.

ஆகவே முகூர்த்தத்தன்று நடக்கப்போவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜீப்புக்கு மாலை போட்டு, பெண்ணைப் பின் சீட்டில் உட்காரவைத்து, பின்பக்கமாகவே தங்கள் வாசலுக்கு வருவோம். பிளஷர் காரில் டிரைவர் முதலில் வருவான், பெண் பின்னால் வருவாள். என் வண்டியில் பெண் முதலில் வருவாள், டிரைவர் கடைசியில் வருவான். எது மரியாதை என்று தங்கள் ஊர்ப் பெரியவர்களை வைத்தே கேட்டுப் பாருங்கள். கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வருவோம். சாத்தி வைத்தால் வாசலிலேயே நிற்போம், இஞ்சினை நிறுத்த மாட்டோம், ஹாரனும் நன்றாக இருக்கிறது.

சுருளியம்மாள் அவர்களுக்கு என் மன்னிப்பையும், மாப்பிள்ளைக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதத்தையும், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரத்தையும், படப்புக்கு என் வருத்தத்தையும் சொல்லவும். தங்கள் குடும்பமும் கால்நடையும் பரமசிவன் அருளால் செழித்திருக்க வேண்டும் என்று கோபம் இருந்தாலும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இடது கையால் கையொப்பமிட்டு, எதையும் மாற்றிக்கொள்ளாத,
பால்சாமி.

பின்குறிப்பு:

மாமா அவர்களுக்குப் பொன்னுமணி வணக்கம். இன்னும் தாலி ஏறாத பெண் மாமனாருக்கு எழுதுவது முறையில்லை என்று தெரியும். அப்பா கையொப்பம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். கடிதத்தை ஒட்டுகிற வேலை என்னிடம் இருக்கிறது.

மேலே இருப்பது ஒரு எழுத்தும் குறையாமல் அப்பா சொன்னது. ஆனால் வண்டி இப்போது அப்படி இல்லை. அப்பாவுக்குக் கை போன பிறகு ஜீப்பை ஜெபமணி அண்ணன் ஓட்டவில்லை, அவருக்குக் கொட்டகை வேலையே சரியாக இருக்கிறது. நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் அச்சைச் சரியாகப் புரட்டி மாட்டிவிடுங்கள் என்று நான் ஜெபமணி அண்ணனிடம் சொன்னேன். இன்னொரு ஆள் வேண்டும் என்றார். சிலமலையில் உழவு மாடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன வாரம் தங்கள் மகன் சொல்லிவிட்டு வந்தார்கள் அல்லவா, மாடு எதையும் பார்க்கவில்லை. ஜாக்கி பிடித்ததும் பட்டைக்குக் கட்டை செதுக்கியதும் அவர்கள்தான். இப்போது வண்டி எல்லா வண்டிகளையும்போல முன்னால் போகிறது. லோடும் குறையாமல் ஏறுகிறது. வண்டி கொட்டகையில் நிற்பதால் அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்வார்கள். அதை என்னால் பார்க்க முடியாது.

முகூர்த்தத்துக்கு முதல் நாளே அப்பாவையும் அம்மாவையும் சீர்வரிசை வண்டியில் அங்கே அனுப்பிவிடுவேன். மறுநாள் ராசிங்காபுரம் எல்லை வரைக்கும் நான் ஜீப்பை முன்பக்கமாக ஓட்டிக்கொண்டு வருவேன். அங்கிருந்து ரிவர்ஸ் கியரைப் போட்டு, அப்பா சொன்னபடியே பின்பக்கமாகத் தங்கள் வாசலுக்கு வருவேன். பின் சீட்டில் என் சித்தி உட்கார்ந்திருப்பார்கள், ஓட்டுவது நான். அப்பா வாசலில் நின்று அதைப் பார்ப்பார்கள். தாங்கள் அவர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம், அவர்களும் போடுவார்கள், அது அவர்களுக்கு வேண்டும். ஆனால் வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது. தாலி ஏறும்வரை அல்ல, எப்போதுமே.

இந்த ஒன்றை என் அப்பாவுக்காகத் தாங்கள் காப்பாற்றினால், நான் வருவது எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துகொள்வேன். காப்பாற்றாவிட்டால், வண்டியைத் திருப்பிக்கொண்டு போடிக்குப் போகவும் எனக்குத் தெரியும். தங்கள் மகனும் வண்டியில் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.